பதினொரு விநாடி

டியூட்டரி வாசலில் காவலாளி கேட்டார்,
"நீங்கள் கோச்சிச் சங்கமோ?"
ரயிலில்லை ஐயா, கோச். ஆட்களோடு கதைக்கிற வேலை.
"அதுக்கும் காசோ" என்றபடி
மேல்மாடிச் சாவியைத் தந்தார்.

இரண்டாம் சனி, பின்னேரம் நாலு மணி, கொக்குவில்.
வெண்பலகை நிறையக் காலை வகுப்பின் திரிகோண கணிதம்,
அழிக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையோடு.
மிஞ்சிய மூலையில் ரெஜினோல்ட் எழுதினான்:
தோற்ற ஒரு மணித்தியாலத்தைக் கொண்டு வாருங்கள்.

மூன்று மாதம் ஒருவரும் கொண்டு வரவில்லை.
வென்றதையே கொண்டு வந்தோம்,
பொங்கலுக்குத் தட்டு மாற்றுவதுபோல்.
சுகிர்தாவின் வலைப்பந்து அணி,
கோகுலவாசனின் வங்கி முகாமையாளர்,
மூன்றே சந்திப்பில் நான் நிமிர்த்திவிட்ட பல்வைத்தியர்.
தட்டைவடை முடிய, கூட்டமும் முடிந்தது.

நாலாம் மாதம் ரெஜினோல்ட்
கைபேசியை மேசை நடுவில் வைத்தான்.
"அனுமதி வாங்கியிருக்கிறன். பேரை வெட்டியாச்சு.
ஐம்பது நிமிசம். கேட்டிட்டு ஏசுங்கோ."
நாற்பத்தொரு நிமிடம் அவன் குரல்.
மற்றவருக்கு ஒன்பது.
அதிலும் பாதி, "ஓம் சேர்", "ஓமோம்".

ஒருவரும் ஏசவில்லை.
விசிலோடு கழுத்தில் தொங்கிய கடிகாரத்தைச்
சுகிர்தா கழற்றினாள்.
கேள்வி கேட்டபின் எத்தனை விநாடி பொறுக்கிறோம்?
ரெஜினோல்ட், இரண்டு.
கோகுலவாசன் விழுந்து விழுந்து சிரித்தான்.
அடுத்த மாதம் தன்னுடையதைக் கொண்டு வந்தான்:
ஒன்றரை.

அப்படித்தான் தொடங்கியது ஆராய்ச்சி.
எண்பது பக்கக் கொப்பி, ஐந்து பேர், முப்பத்தெட்டுப் பதிவு.
தன் பதிவைத் தானே எண்ணினால் விநாடி நீளும்,
ஆகவே மற்றவர் எண்ண வேண்டும்.
இதுதான் எங்கள் முதல் கண்டுபிடிப்பு.

மௌனம் என்பது யோசிக்க விடும் இடம்
என்று கொழும்புப் பாடநெறியில் சொல்லித் தந்திருந்தார்கள்.
நீட்டினோம். நாலு. ஆறு. எட்டு.
பரீட்சைப் புள்ளி பார்க்கிற பிள்ளைகளாய்
கொப்பிக்குள் தலைகள் முட்டின.

பிறகு நஸ்மியாவின் பதிவு.
ஆடைத் தொழிலக மேற்பார்வையாளர் ஒருவர்.
"மேல இருக்கிறவரிட்ட ஏன் இதைச் சொல்லேல்லை?"
பதினொரு விநாடி.
கை தட்டினோம்.

நஸ்மியா தட்டவில்லை.
"அது யோசிச்ச பதினொண்டு இல்லை.
எனக்குத் தெரியும், நானும் அப்பிடி நிண்டிருக்கிறன்.
முகத்தில ரோர்ச் அடிச்சு
ஆர் நீ எண்டு கேக்கேக்க
வாற மௌனம் அது.
நான் கேட்டதைக் கேள்வி எண்டு அவ எடுக்கேல்லை.
விசாரணை எண்டு எடுத்தவ."

மின்விசிறி சுற்றியது.
சுகிர்தாவின் கையில் கடிகாரம் ஓடிக்கொண்டேயிருந்தது,
நிறுத்த மறந்துவிட்டாள்.

"அப்ப முப்பத்தெட்டையும் திரும்பக் கேக்க வேணுமோ?"
கேட்க வேண்டும்.
கொப்பியில் ஒரு நிரல் கூட்டினோம்.
அதற்குத் தலைப்பு வைக்க ஒன்றரை மணித்தியாலச் சண்டை.
மௌன வகை என்றான் ஒருவன்.
பயம் என்று எழுதி வெட்டினாள் இன்னொருத்தி.
"எங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் நஸ்மியா,
"அவையளிட்டயே கேப்பம்.
வரச் சொல்லுவம், இந்த மேசைக்கு."
ஐந்து கதிரைதான் மேலே.
காவலாளி முணுமுணுத்தபடி
கீழ் வகுப்பிலிருந்து வாங்கு ஒன்றை ஏற்றினார்.

நான் இன்னும் பதிவு எதுவும் கொடுத்ததில்லை.
படியிறங்கி, புகையிரதக் கடவையருகே
பல்வைத்தியருக்கு அழைத்தேன்.
அந்த மூன்றாம் சந்திப்பில்
உண்மையாய் என்ன நடந்தது டொக்டர்?
"அது வந்து..."
மணி அடித்து, படலை விழுந்து,
கோச்சி வந்தது.
கடைசிப் பெட்டியும் போன பிறகு
அவர் இன்னும் சொல்லத் தொடங்கவில்லை.
காதிலிருந்து எடுக்காமல் நின்றேன்.
எண்ணவில்லை.